கூசுது

ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சாந்தகுமாரி கைப்பையை மடிமேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள், என்னவோ உள்ளே இருக்கிற இரண்டு டியூப்பும் வாயைத் திறந்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடப் போகிற மாதிரி. "போலாமா?" என்றார் கனகசபை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "பின்ன, மருந்துக்கடை வாசல்லயே குடித்தனமா பண்ணப் போறோம்?" என்றாள். வாய் தானாகச் சொன்னது. முப்பத்திரண்டு வருஷமாக இந்த மனுஷன் எதைக் கேட்டாலும் வாய்தான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறது, மனசை ஒரு வார்த்தை கேட்பதே இல்லை. அவர் வண்டியை எடுத்தார். மணி பதினொன்றே முக்கால். ஏ.சி. மாட்டுகிற ஆள் பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வந்தால் முன்ரூம் சுவரில் டிரில்லை வைத்து ஓட்டை போடுவான், போட்ட ஓட்டை போட்டதுதான், அப்புறம் ஆயுசுக்கும் இவர் முன்ரூம், அவள் உள்ரூம். போன ஞாயிற்றுக்கிழமை, டேபிள் ஃபேன் போதலை, முன்ரூமுக்கு ஒரு ஏ.சி. போட்டுக்கட்டுமா என்று அவர் கேட்டபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், போட்டுக்குங்களேன், யார் வேண்டாங்கிறா என்றவளும் அவள்தான். சரி, இப்போது சொல்லிவிட வேண்டும். வீடு போய்ச் சேர்வதற்குள். சொல்ல வேண்டியது என்ன பெரிய பிரசங்கமா? எனக்கு வலித்தது, உங்கள்மேல் வெறுப்பு இல்லை. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எலொக்யூஷன் என்கிற பேச்சுப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து கப் வாங்கியவளுக்கு இரண்டே இரண்டு வாக்கியம். மணிக்கூண்டு திரும்பட்டும், சொல்லிவிடலாம்.

மணிக்கூண்டு திரும்பியது. பஸ் ஒன்று இடித்துவிடுகிற மாதிரி வந்து ஒதுங்கியது, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இவருக்கு எங்கே காது கேட்கப் போகிறது என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். காலையில் இவரிடம் தைராய்டு டெஸ்ட் என்றுதான் சொல்லிக் கூட்டி வந்தாள். அவரும் நம்பி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தார், பேரன் பேத்தி ஒன்றுமில்லாத மனுஷன். உள்ளே டாக்டர் ஷமீமா, முப்பத்தைந்துகூட இருக்காது, ஆண்ட்டி ஆண்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு, பீரியட்ஸ் நின்னு எவ்வளவு நாளாச்சு ஆண்ட்டி என்றாள். அஞ்சு வருஷம். கீழ எரிச்சல், காய்ஞ்சு போன மாதிரி? சாந்தகுமாரி சுவரைப் பார்த்துத் தலையாட்டினாள். சேரும்போது வலிக்குதா? அதற்குத் தலையாட்டக்கூட முடியவில்லை, புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பயப்படாதீங்க, இதுக்குப் பேரு வஜைனல் ட்ரைனெஸ், பிறப்புறுப்பு வறட்சி, பாதிப் பேருக்கு வர்றதுதான், யாரும் வாயைத் திறக்கிறதில்ல. வறட்சி என்றதும் சாந்தகுமாரிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காய்ந்த பயிரோடு மனுக் கொடுக்க நிற்கிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஹார்மோன் கீர்மோன்னு எதையும் எழுதிடாதீங்க டாக்டர், எங்கக்கா மார்புல கேன்சர் வந்து போய்ச் சேந்தா, அந்தப் பேச்சே எனக்கு ஆகாது என்றாள். சரி, அந்தப் பேச்சையே எடுக்கலை, அது இல்லாமலே செய்ய எவ்வளவோ இருக்கு என்று அந்தப் பெண் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ஒரு ஜெல், மூன்று நாளைக்கு ஒரு தடவை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், மூஞ்சிக்கு க்ரீம் போடுகிற மாதிரி, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலும் வராவிட்டாலும். இன்னொன்று அந்த நேரத்துக்கு மட்டும், தண்ணீரில் செய்தது, நிறையப் போடுங்க ஆண்ட்டி, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வாசனை போட்டது, சூடேற்றுகிறது என்று அட்டையில் எழுதியிருந்தால் தொடவே கூடாது. வலிக்குமோ என்கிற பயத்திலேயே உள்ளே தசை இறுகிக்கொள்ளும், அதைத் தளர்த்த மூச்சுப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுப்பார்கள். ரத்தம் பட்டால் மட்டும் உடனே வர வேண்டும். அப்புறம் அவசரம் கூடாது, ரெண்டு பேருக்கும். "எதுல கழுவுறீங்க?" என்றாள் கடைசியில். சாந்தகுமாரி கொஞ்சம் பெருமையாகவே, வெந்நீர்ல ஆன்டிசெப்டிக் லோஷன் ரெண்டு மூடி ஊத்தி, தினமும் ரெண்டு வேளை என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன் ஆண்ட்டி? தரையா துடைக்கிறீங்க? அதுதான் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துருக்கு. இன்னியோட நிறுத்துங்க, பச்சைத் தண்ணி போதும்."

இன்னியோட நிறுத்துங்க. நான்கு வருஷம். எரிகிறது என்று ஊற்றி, ஊற்றியதால் எரிந்து, எரிந்ததால் இன்னொரு மூடி சேர்த்து ஊற்றி. உடம்புச் சூடு என்று முடிவு கட்டிக்கொண்டு வெந்தயத்தை ஊறப் போட்டு முழுங்கினாள், வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தாள், சூடு சூடு என்று இளநீர்க்காரனை வாசலில் நிறுத்தினாள், அவன்கூட, என்னக்கா, வீட்ல யாருக்கு அம்மை என்று கேட்டான். ஒரு தடவை சமையல்கட்டில் சூடு ஆறின நெய்யை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போயிருக்கிறாள், அதை நினைத்தால் இப்போதும் காது மடல் எரிகிறது, மூன்று நாள் நாற்றம் போகவில்லை, இவர் வேறு, என்ன சாந்தா, மைசூர்பாகு கிண்டினியா என்று சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். எல்லாம் செய்தாள், கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை. மருந்துக்கடையில் அந்த டியூப் எங்கே இருந்தது தெரியுமா, இருமல் மருந்துக்கும் குழந்தைப் பவுடருக்கும் நடுவில், கண்ணுக்கு நேரே, சீட்டே வேண்டாமாம், கேட்டால் கொடுப்பானாம். மாசா மாசம் இவருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க அதே கவுண்டரில்தான் நின்றிருக்கிறாள். சில்லறை இல்லையா என்று அந்தக் கடைக்காரனோடு சண்டை போட்டிருக்கிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் அது இருந்திருக்கிறது. கிளம்பும்போது டாக்டர் கேட்டாள், வீட்டுக்காரர்கிட்ட வலிக்குதுன்னு சொல்லியிருக்கீங்கல்ல? சொல்லியிருக்கேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பொய்யும் வாயே சொன்னதுதான்.

சொல்லியிருக்கிறாளா? ஒரு வார்த்தை சொன்னாள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளைப் புனே ரயிலில் ஏற்றிவிட்டு வந்து, வீடு காலியாக, குழம்பு வாசனையோடு இருந்தது. அவர் பக்கத்தில் வந்து படுத்து இடுப்பில் கை வைத்தார். அதற்கு முந்தின மூன்று நான்கு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு, கூரையில் ஃபேன் இறக்கையை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறாள், முடிந்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதிருக்கிறாள். அவருக்கு எப்படித் தெரியும், அவர் என்ன ஜோசியரா. அன்றைக்குக் கை பட்டதும் உடம்பு மொத்தமும் முன்கூட்டியே சுருங்கியது. தொடாதீங்க, கூசுது என்றாள். அவளுக்கு அந்த நிமிஷம் மனசில் இருந்தது கடைவாய்ப் பல். அந்த வாரம் பூராவும் பல் கூசிக்கொண்டிருந்தது, ஐஸ் தண்ணீர் பட்டால் மண்டை வரைக்கும் ஏறும், அந்த மாதிரி, அதே மாதிரிதான் கீழேயும், வேறு எப்படிச் சொல்வது. பல்லுக்கும் கூசுதுதான், வெயிலில் கண்ணுக்கும் கூசுதுதான். ஆனால் பிடிக்காதவன் கை பட்டாலும் இந்தப் பாழாய்ப்போன பாஷையில் கூசுதுதான். அவருக்கு எந்தக் கூசுது காதில் விழுந்தது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கையை எடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் தன் நெஞ்சுமேலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு முன்ரூமுக்குப் போனார். அப்போதே எழுந்து பின்னாலேயே போய், அட அதில்லைங்க என்று ஒரு வார்த்தை. போகவில்லை. ஊரில் எவள் என்ன பேசினாலும் திருப்பிக் கொடுக்கிற வாய், அன்றைக்கு மட்டும் பூட்டு. ஏன் போகவில்லை என்று மற்றவர்களிடம் எதைச் சொன்னாலும் தன்னிடம் பொய் சொல்ல முடியாது. நிம்மதியாக இருந்தது. அவர் போனதும் காலை நீட்டிப் படுத்து, மாதக்கணக்கில் வராத தூக்கம் தூங்கினாள், ஐந்து மணிக்கு எழுந்து காபி போட்டாள். மறுநாள் அவர் டேபிள் ஃபேன் வாங்கி வந்தார். வாங்கி வந்து, சத்தம் கேக்காதுல்ல உனக்கு என்று கேட்டார்.

ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். கனகசபை வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார், எப்போதும் அணைப்பார், பெட்ரோல் மிச்சம் என்பார். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் சிவில் பாடம் எடுத்தவர், எதையும் வீணாக்க மாட்டார். சுற்றிலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. இதைவிட வசதியான இடம் கிடைக்காது, இப்போது சொல்லலாம், சொல், சொல்லடி. என்னவென்று ஆரம்பிப்பது? அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா. வீட்டில் கீழே என்றார்கள், பள்ளிக்கூடத்தில் அதுகூட இல்லை. சிஸ்டர் கிளாரிஸின் சிக் ரூமில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், மாதவிலக்கில் வயிற்று வலி என்று போய்ப் படுக்கிற ஒவ்வொரு பெண்ணும் பெயர், வகுப்பு, நோய் என்று மூன்று கட்டத்தில் எழுத வேண்டும், மூன்றாவது கட்டத்தில் எல்லோரும் தலைவலி என்றுதான் எழுத வேண்டும். முதல் தடவை போனபோது சாந்தகுமாரி ஸ்டமக் பெயின் என்று எழுதினாள். சிஸ்டர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "வாட் இஸ் திஸ் இன்டீசென்சி? ஃபாதர் இந்த ரிஜிஸ்டரைப் பார்ப்பார், தெரியாதா?" என்றாள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் தலைவலி, அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை பெண்களுக்கும் மாசா மாசம் தலைவலி. எங்கே வலித்தாலும் வேறு இடத்தின் பெயரை எழுதத்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அதை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள், எல்லாப் பாடத்திலும் ஃபர்ஸ்ட். சிஸ்டர் மேல் பழி போட்டு என்ன, சிஸ்டர் செத்து இருபது வருஷமாயிற்று, நாலு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது சிஸ்டரா?

பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு பெண், மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவள் போல, கீரைக்கட்டு எட்டிப் பார்க்கிற பையோடு, கனகசபையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தகுமாரியும் பார்த்தாள். ஹேண்டில்பாரில் இருந்த வலது கை, முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது, மணிக்கட்டிலிருந்து விரல் கணு வரை வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அந்தப் பெண் தன் வண்டியை ஒரு அடி தள்ளி உருட்டிக்கொண்டாள். ஒட்டிக்கொள்ளுமாம். முட்டாள். கனகசபை திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே இடது கையால் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஆயிரம் தடவை செய்து பழகினவர் மாதிரி. பழகினவர் மாதிரி. எப்போது பழகினார்? எப்போதிலிருந்து இவர் முழுக்கைச் சட்டை? வெயில் காலத்தில்கூட பனியனோடு உட்காராத மனுஷனாக எப்போது ஆனார்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை. குளித்துவிட்டு வந்து, இடுப்பில் எட்டணா அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டி, இது என்னன்னு பாரேன் சாந்தா என்றார். அவள் தோசைக் கரண்டியோடு நின்றபடி, தேமலா இருக்கும், போய்க் காட்டுங்க என்றாள். சனிக்கிழமை தோல் டாக்டரிடம் போய்விட்டு வந்து, தேமல் இல்லையாம், வெண்புள்ளியாம், பரவலாம்னு சொல்றார் என்று சொல்லி, அவள் ஏதாவது சொல்வாளா என்று நின்றார். மகளுக்குக் கட்டிக் கொடுக்க முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். சரி, மாத்திரை குடுத்தாரா என்று கேட்டதோடு சரி. அடுத்த நாள்தான் ஞாயிறு. வியாழன், சனி, ஞாயிறு. தொடாதீங்க, கூசுது. ஐயோ. நாலு வருஷத்தில் ஒரு நாளாவது இந்த மூன்று கிழமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாளா? தன் எரிச்சல், தன் வெந்தயம், தன் இளநீர். காபி டம்ளரை அவள் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு நகர்கிறார், கோபம் என்று நினைத்தாள். பஸ்ஸில் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்காருகிறார், வீம்பு என்று நினைத்தாள். தன் துண்டைத் தனியே காயப் போடுகிறார், ஆமாம், பெரிய ஆசாரம் என்று மகளிடம் போனில் கேலி செய்து சிரித்திருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார், முன்ரூமிலிருந்து. அவள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று அந்த மனுஷன் ஒரே வீட்டுக்குள் நாலு வருஷமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்திருக்கிறார்.

"என்னங்க." "ம்?" "ஹெல்மெட்டைக் கழட்டுங்க." "எதுக்கு, கேட் திறந்துருவான்." "கழட்டுங்கன்னா கழட்டுங்களேன், தலையா போயிரும்?" கழற்றினார். வேர்வையில் நனைந்த பிடரி, அங்கேயும் இரண்டு புள்ளி, அதை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். "அன்னிக்கு ஒரு நாள் கூசுதுன்னு சொன்னேனே" என்றாள். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. முதுகு மட்டும் விறைத்தது. "அது" என்று ஆரம்பித்தபோது வந்துவிட்டது கூட்ஸ் வண்டி. கரி வண்டி, முடிவே இல்லாமல், ஒவ்வொரு பெட்டியாகத் தடதடவென்று. வாழ்க்கையில் எதற்கும் காத்திருக்காதவள், பால் பொங்கக்கூடப் பொறுமையில்லாமல் அடுப்பைக் கூட்டி வைக்கிறவள், சிக்னலில் மஞ்சள் விழுவதற்குள் போங்க போங்க என்று முதுகில் இடிக்கிறவள், அந்தப் பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு ஐம்பது பெட்டியும் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அவரும் திரும்பவில்லை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார், இன்னும் மோசமாக ஏதாவது வரப்போகிறது என்றா? கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் தேய்ந்ததும், காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்க, தேவைக்கு மேல் உரக்கவே சொல்லிவிட்டாள். "எரிஞ்சுது. உள்ள காய்ஞ்சு போய், நீங்க வந்தா பிளேடு வெச்சுக் கிழிச்ச மாதிரி எரிஞ்சுது. அதைச் சொல்லத் தெரியாமத்தான் கூசுதுன்னேன். இன்னிக்கு டாக்டர்கிட்ட வந்ததும் அதுக்குத்தான், தைராய்டு ஒண்ணும் இல்ல. உங்க தோலுக்காக இல்லீங்க." கீரைக்கட்டுப் பெண் இந்தப் பக்கம் திரும்பினாள். "நீ என்னம்மா பாக்குற? கேட்டைப் பாரு" என்றாள் சாந்தகுமாரி.

கனகசபை ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். "தோலுக்காக இல்லையா?" என்றார், நோட்டைத் திருத்தும்போது ஒரு கணக்கை மறுபடி சரிபார்க்கிறவர் போல. "அந்தத் தோலை யாரு பார்த்தா?" என்றாள். "நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். "தினமும்." அப்புறம் அவரே கேட்டார், "இப்பவும் எரியுதா? சும்மா உக்காந்திருந்தா? இந்த வண்டியில?" இந்த நாலு வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி, கேட்க விடாமல் அவளே பார்த்துக்கொண்ட கேள்வி. "பள்ளத்துல ஏறி இறங்குனா" என்றாள். "மருந்து இருக்காம். ஹார்மோன் இல்லாம. மெதுவாத்தான் சரியாகுமாம், ஆகாமலும் போகலாம்." டாக்டர் ஆகாமல் போகும் என்று சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள். இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, பயத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். "எனக்கு அறுபத்திரண்டு ஆயிருச்சு சாந்தா" என்றார் அவர். அது குறையாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார். அதுதான் அவளை என்னவோ செய்தது. ஐம்பத்தெட்டில் தலையணையை எடுத்துக்கொண்டு போன மனுஷன். அவர் போன் அடித்தது. ஏ.சி. ஆள். வாசல்லயே இரு, வந்துட்டோம் என்றார் போனில், ஆனால் போனை வைத்துவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பாதி திரும்பி, அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் காதுத் தோட்டைப் பார்த்தபடி, "உள்ரூம்ல போட்டா அந்தக் குளிர் உனக்கு ஆகாதே" என்றார். "போத்திக்கிறேன்" என்றாள் சாந்தகுமாரி.

கேட்டைத் தூக்கவில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வருகிறதாம். ஜனங்கள் ஹார்ன் அடித்துச் சலித்து ஓய்ந்தார்கள். "நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார் கனகசபை முன்பக்கம் பார்த்து. ச்சே, அதெல்லாம் இல்லை, நீங்க என்ன பண்ணுவீங்க என்று ஒரு நல்ல மனைவி சொல்வாள். "ஆமா, கேட்டிருக்கணும்" என்றாள். "நானும் சொல்லியிருக்கணும். எலொக்யூஷன் கப்பு ஒருத்தி, சிவில் இன்ஜினியர் ஒருத்தர், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாய் இல்ல." அவருடைய முதுகு குலுங்கியது. ஒரு தடவை, அப்புறம் தொடர்ந்து. சத்தமே வரவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. முன்பென்றால் அவளாகவே ஒன்றை முடிவு செய்துகொண்டு சும்மா இருந்திருப்பாள். கேட்டாள்.